என் நம்பருக்கு வைத்த பேர்

செல்போன் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு ஊரில் பாதிப் பேருடைய பாஸ்வேர்டு தெரியும். நான் கேட்பதில்லை, அவர்களே சொல்வார்கள். எங்கள் கடை களக்காடு பஸ் நிலையத்துக்கு எதிர்வரிசையில் இருக்கிறது. வாழைத்தார் ஏற்றி அனுப்பிவிட்டு வருகிற அண்ணாச்சிமார் போனைக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். பாதி ரோட்டில் நினைவு வந்து அங்கிருந்தே கத்துவார்கள்: "ஏ தாயி, எல்லாம் சைபர்தான்! போட்டுத் தெறந்துக்கோ!" பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்.

எனக்கு இது பொறுக்காது. யாராவது புது ஆப் போட்டுத் தரச் சொன்னால், அது கேட்கிற அனுமதி ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசித்துக் காட்டுவேன்.

"அண்ணாச்சி, உங்க போன்ல உள்ள நம்பர் பூராத்தையும் பாக்கணும்ங்கு. குடுக்கவா, வேண்டாமா?"

"குடுக்கலன்னா?"

"சிலது ஓடும், சிலது மக்கர் பண்ணும்."

"அப்பக் குடுத்துத் தொலை. என்னத்தத் திருடிட்டுப் போயிருவான்? என் போனுக்குள்ள வாழைத்தாரா தொங்குது?"

பக்கத்தில் நிற்கிறவர் சும்மா இருக்கமாட்டார். "மடியில கனமிருந்தாத்தான தாயி வழியில பயம்?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே 'அனுமதி' என்பதை அழுத்துவேன். ஆனால் என் மடியில் கனம் இருந்தது.

எனக்கு வலிப்பு உண்டு. கல்லூரியில் படிக்கும்போது வகுப்பிலேயே வந்தது. கண் விழித்தபோது கையில் ஒரு இரும்புச் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். சுற்றி நின்ற பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்தப் பார்வைதான் எனக்கு வலிப்பைவிடக் கொடுமை. பிறகு பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அதற்கப்புறம் வரவே இல்லை. ஆனாலும் மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து, என்னைப் பற்றி எது வெளியே போகலாம், எது போகக்கூடாது என்பதை நான்தான் முடிவு செய்வது என்று வைத்துக்கொண்டேன். என் போனைப் பார்த்தால் தம்பி கையெடுத்துக் கும்பிடுவான். எந்த ஆப்புக்கும் நம்பர் லிஸ்ட் கிடையாது, இருக்கிற இடம் கிடையாது, மைக் கிடையாது. முகப்புப் படத்தில்கூட என் முகம் கிடையாது, பச்சையாற்றில் தண்ணீர் ஓடுகிற படம்தான். "ஏக்கா, நீ என்ன உளவாளியா?" என்று கேட்பான். "ஒன் சோலியப் பாருல" என்பேன்.

மாத்திரை வாங்குவதிலும் அதே கவனம். பஜாரின் மறுகோடியில் ஒரு மெடிக்கல் கடை. அந்த அண்ணாச்சியின் கடையில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். அவர்கள் முன்னால் மாத்திரையின் பேரைச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வராது. அதனால் டாக்டர் சீட்டைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிடுவேன். சாயங்காலம் போனால், அண்ணாச்சி பழுப்புக் கவரில் போட்டுப் பின் அடித்துத் தயாராக வைத்திருப்பார். "இந்தா தாயி, ஒன் சாமான்" என்பார். அதற்குமேல் ஒரு சொல் பேசமாட்டார். அவர் வீட்டம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கமாட்டார் என்று நான் கையடித்துச் சொல்வேன். அத்தனை நல்ல மனுஷன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சம்பந்தம் வந்தது. பணகுடிப் பக்கம், காற்றாலைக் கம்பெனியில் வேலை. அப்பாவின் கூட்டாளி கொண்டுவந்த இடம். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அக்கா என்று வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "பிடிச்சிருக்கு, தை பொறக்கட்டும், நிச்சயத்த வச்சிக்கிடுவோம்" என்று சொல்லியனுப்பினார்கள். அவரும் நானும் போனில் பேச ஆரம்பித்தோம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அதை எதற்கு மூடி மறைக்க? காற்றாடியின் உச்சியில் நின்று பார்த்தால் மலை எப்படித் தெரியும் என்று அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே கடையில் தப்பான ஆளுக்கு ரீசார்ஜ் போட்டிருக்கிறேன்.

வீட்டில் மட்டும் சண்டை. நிச்சயத்துக்கு முன்னால் அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றேன். அம்மா குதித்தாள்.

"ஆயிரம் பொய்யச் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சொல்லுவாவ. நீ ஒரு உண்மையச் சொல்லிக் கெடுக்கப் பாக்க. கழுத்துல தாலி ஏறட்டும், பொறவு பைய சொல்லிக்கிடலாம்."

"பொறவு சொன்னா அது ஏமாத்துல்லாம்மா?"

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுக்காத. அவ்வளவுதான் சொல்லுவேன்."

அப்பா வழக்கம்போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் விடவில்லை. சொல்வேன், என் வாயால் சொல்வேன், போனில் அல்ல, நேரில். கேட்கும்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்று நான் பார்க்கவேண்டும். அந்த முகத்தை வைத்துத்தான் இந்தக் கல்யாணம் வேண்டுமா வேண்டாமா என்பதே. அவருக்கு லீவு கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் வேன் ஓட்டுகிற மாமா ஒருவர் கடைக்கு வந்தார். போன் அடித்தால் சத்தம் கேட்கவில்லை என்றார். தூசியைத் தட்டிவிட்டு, சரியாகிவிட்டதா என்று பார்க்க என் போனிலிருந்து அவர் நம்பருக்குப் போட்டேன். மேசைமேல் அவர் போன் கணீரென்று அடித்தது. திரையில் கொட்டை எழுத்தில் ஒரு பேர் வந்தது:

'வலிப்பு மாத்திரை செல்கடை பிள்ளை'.

மாமா குனிந்து பார்த்தார். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர், அதனால் மெதுவாகத்தான் வாசித்தார். "வ-லி-ப்பு... என்னளா இது?"

"அது ராங்காக் காட்டுது மாமா. அந்த ஆப் சரியில்ல" என்று போனைப் பிடுங்கிக் கட் செய்தேன்.

"அதான பாத்தேன். நேத்து எம்பொண்டாட்டி போன் பண்ணினா எதோ சிட்பண்டுன்னு காட்டுது" என்று சிரித்துக்கொண்டே அவர் போய்விட்டார். என்னால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. தண்ணீர் குடித்தேன். இன்னொரு தடவை குடித்தேன். தெரியாத நம்பர் கூப்பிட்டால் யாரென்று காட்டுகிற ஆப் அது. அதற்கு எப்படித் தெரியும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், கடையில் நானே எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். அதைப் போடுகிற ஒவ்வொருவரும் தன் போனில் உள்ள நம்பர்களைக் கொடுக்கிறார்கள். ஒருவர் உங்களை என்ன பேரில் பதிந்து வைத்திருக்கிறாரோ அந்தப் பேர் அப்படியே மேலே போய்விடும். நீங்கள் உங்கள் போனை ஆயிரம் பூட்டுப் போட்டுப் பூட்டினாலும் ஒன்றுதான்.

என்னை மாத்திரையை வைத்துப் பதிந்திருக்கக்கூடியவர் ஊரில் ஒரே ஒருவர்தான். லீவுக்கு வந்து உட்கார்ந்திருந்த தம்பியிடம் கடையை விட்டுவிட்டு ஓடினேன், செருப்பு மாட்டினேனா என்பதுகூட நினைவில்லை.

மெடிக்கல் அண்ணாச்சி நான் சொன்னதை முதலில் நம்பவில்லை. என் போனிலிருந்து பக்கத்துக் கடைக்காரரின் போனுக்கு அடித்துக் காட்டலாமா என்றேன். "வேண்டாம், வேண்டாம்" என்று பதறி என்னை உள்ளே மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போனார்.

"என்னை எதுக்கு அண்ணாச்சி அப்படிப் பதிஞ்சீய? எனக்குன்னு ஒரு பேரு இல்லையா?"

"தாயி, நம்மூர்ல ஒரே சாமி பேர வீட்டுக்கு வீடு வச்சிருக்கான். ஒன் பேர்ல மட்டும் என் போன்ல எத்தன பேரு தெரியுமா? பேரப் பாத்து அனுப்பி, சுகர்க்காரனுக்குப் போவ வேண்டியது பிரசர்க்காரனுக்குப் போயிட்டு. நல்லவேள, அவன் முழுங்கதுக்கு முந்தி ஓடிப் போயி வாங்கினேன். அன்னையோட முடிவு பண்ணிட்டேன், இனி மாத்திரதான் பேருன்னு."

போனை என் கையில் திணித்தார். தள்ளிக்கொண்டே போனேன். 'சுகர் வாழைமண்டி'. 'தைராய்டு டீச்சர் கீழத்தெரு'. 'தூக்க மாத்திரை ரைஸ்மில்'. 'மூலம் ஏட்டையா'. ஊரே வரிசையாகத் தன் நோயோடு நின்றது. அந்த ஏட்டையா மீசையை முறுக்கிக்கொண்டு புல்லட்டில் போவது கண்முன்னால் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அழுகையும் வந்தது, சவத்துக்கு எது முந்தி எது பிந்தி என்று தெரியவில்லை.

"அந்த ஆப்ப யாரு போடச் சொன்னா?"

"லோன் வேணுமா, பிளாட் வேணுமான்னு நாளெல்லாம் எவனெவனோ கூப்புடுதான். யாரு கூப்புடுதான்னு காட்டும்னு மருந்துக் கம்பெனித் தம்பி ஒருத்தன் போட்டுத் தந்தான். என்னத்தையோ கேட்டுது, சரின்னு அமுக்கினேன். எது கேட்டாலும் சரின்னுதான தாயி அமுக்குதோம்?" அவர் ஒரு மருந்துப் பெட்டியை எடுத்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். "நான் ஒருத்தங்கிட்டயும் வாயத் தொறந்ததில்லையே."

"நீங்க தொறக்கல அண்ணாச்சி. உங்க போன் தொறந்துட்டு."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். அவரை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். நோயாளியைக் காப்பாற்ற வைத்த பேர் அது. யாரை வைய? அந்த ஆப்பின் அனுமதியை எடுத்தேன், ஆப்பையும் அழித்தேன். பேரை அழிக்கச் சொல்லி அந்த ஆப் கம்பெனியின் இணையப் பக்கத்தில் என் நம்பரைக் கொடுத்து வேண்டுகோள் அனுப்பினேன். கவனிப்பதாகப் பதில் வந்தது. என்னைப் பற்றிய தப்பு இல்லாத தகவலை அழிக்கச் சொல்லி நானே என் நம்பரை அவனிடம் கொடுக்க வேண்டியிருந்தது, அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

அதற்குப் பிறகு எனக்கு இருப்பே கொள்ளவில்லை. கடைக்கு வருகிற போன்களில் அந்த ஆப் இருந்தால், ஆள் அந்தப் பக்கம் திரும்பியதும் என் நம்பரிலிருந்து ஒரு மிஸ்டு கால் விட்டுப் பார்ப்பேன். சிலதில் வெறும் நம்பர் வந்தது. சிலதில் பழைய பேரே வந்தது. திருடி மாதிரி அந்த மிஸ்டு காலை அழித்துவிட்டுப் போனைத் துடைத்து வைப்பேன். இதுவரை யார் யாருக்கெல்லாம் நான் போன் பண்ணியிருக்கிறேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தையல்காரக்கா, பேங்க், கேஸ் ஆபீஸ், தம்பியின் வாத்தியார். ஒரு நாள் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் குழந்தையை மடியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டாள். கை வலித்து மாற்றியிருப்பாள். எனக்கோ அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும். அவர் போனில் அந்த ஆப் இருக்கிறதா? அதுதான் நெஞ்சுக்குள் குடைந்தது. கேட்கலாம் என்று வாய்வரை வரும். ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? கேட்பதே பாதி சொன்ன மாதிரி. அவர் வழக்கம்போல் பேசினார், வழக்கம்போல் சிரித்தார். அந்தச் சிரிப்பையே திருப்பித் திருப்பி நினைத்துப் பார்த்தேன். தெரிந்தவருடைய சிரிப்பா, தெரியாதவருடைய சிரிப்பா?

தாங்க முடியாமல் நானே சொன்னேன், "ஞாயித்துக்கிழம ஜங்ஷன் பஜாருக்குக் கடைக்கு ஸ்டாக் எடுக்க வாரேன். நீங்களும் வரணும். நேர்ல பேசணும்." வாரேன் என்றார்.

நாங்குநேரி வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் பிரயோசனம் இல்லை. சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். 'எனக்கு உடம்புக்கு ஒண்ணு உண்டு' என்று ஆரம்பிக்கலாமா? அது ரொம்பப் பயமுறுத்தும். 'பயப்படாதீங்க' என்று ஆரம்பித்தால் இன்னும் மோசம். புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன் பஸ் மாறி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது, நேராகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஜங்ஷனில் ஒரு சர்பத் கடையில் உட்கார்ந்தோம். நன்னாரி சர்பத் வந்தது. அதைத் தொடாமல், ஒரே மூச்சில் சொன்னேன். எப்போது வந்தது, என்ன மாத்திரை, டாக்டரம்மா என்ன சொல்லியிருக்கிறார்கள், கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம், வேண்டுமானால் அவரே வந்து டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம், எல்லாம். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு சிரித்தார். "தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"உங்க அப்பா உங்க நம்பரத் தந்த அன்னைக்கே எங்க அக்கா ஆப்ல போட்டுப் பாத்துட்டா. முந்தியெல்லாம் தெருவுல போயி விசாரிப்பாவ, இப்ப இதுதான. பொண்ணு பாக்க வரும்போதே எங்க எல்லாருக்கும் தெரியும்."

முதலில் எனக்கு உடம்பெல்லாம் லேசானது. தெரிந்தும் வந்திருக்கிறார்களே! அம்மா கும்பிடுகிற சாமியெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. கண் கலங்கிவிட்டது. அவர் தொடர்ந்து பேசினார்.

"நீங்களா வாயத் தொறந்து சொல்லுதீங்களான்னு பாப்போம்னு அக்கா சொன்னா. நான் அப்பவே சொன்னேன், சொல்லிருவாங்கன்னு. நான் சொன்னதுதான் நடந்துது."

"சொல்லாம இருந்திருந்தா?"

"நிச்சயத்துக்கு முந்தின நாளு வேண்டாம்னு சொல்லிரலாம்னு இருந்தோம்." இதைச் சொல்லும்போது அவர் சர்பத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார். "அதான் இப்ப தேவையில்லையே. நீங்க பாஸ்."

பாஸ் என்றாரே தவிர, அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையான சந்தோஷத்தோடு சொன்னார். போனை எடுத்து அக்காவுக்கு ஏதோ தட்டி அனுப்பினார், அவள் காத்துக்கொண்டிருப்பாளாம்.

போனில் அவர் என்னிடம் கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாக என் காதில் கேட்டது. ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா? தலை சுத்து ஏதும் வருமா? ஸ்கூட்டி ஓட்டுவீங்களா, பயமில்லையா? என் மேல் இத்தனை அக்கறையா என்று அந்த வார்த்தைகளைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்காத குறையாகப் பூரித்திருந்தேன். வீடே கூடி உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. எப்போது சொல்வேன், எப்போது மாட்டுவேன் என்று.

இதைக் கேட்கிறவர்கள் என்னைத்தான் கோட்டிக்காரி, பைத்தியம் என்பார்கள். வலிப்பு என்றால் எழுந்து ஓடுகிற ஊரில், தெரிந்தும் சம்மதித்தவரை என்ன குறை சொல்ல? எனக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் நான் பயத்தில் சொல்லாமல் இருந்தேன், அவர்கள் வேடிக்கை பார்ப்பதற்காகச் சொல்லாமல் இருந்தார்கள். முதல் நாளே, 'இப்படி ஒரு பேர் காட்டுகிறது, என்ன விஷயம்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அந்த மனுஷனுக்குக் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பேன்.

"அப்பம் நான் கிளம்புதேன்" என்றேன்.

"சர்பத்தைக் குடிக்கலையே?"

"வேண்டாம்."

ஸ்டாக் எடுக்காமலே ஊர் திரும்பினேன். நான் தெருவில் வரும்போதே அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். எங்கள் வாசலுக்கு நேரே தெருக்குழாய். பக்கத்து வீட்டு மைனி குடத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லிட்டியா?" அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சொல்லிட்டேன்."

"வேண்டாம்னுட்டாவளா?"

"இல்லம்மா. அவியளுக்கு முந்தியே தெரியும். சம்மதம்னுட்டாவ."

அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். அவள் கண்ணீரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அவள் முழுசாக அழுது முடிக்கும் முன்னால் சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது.

"எனக்குத்தான் வேண்டாம்."

அம்மா கையை இறக்கினாள். பிறகு வீடு, தெரு எல்லாம் மறந்து கத்தினாள்: "ஏ பாவி! வலிப்பு உள்ளவளுக்கு இதுக்கு மேல எவன்டி வருவான்?"

வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசும்போதுகூட அவள் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. 'அது' என்றுதான் சொல்வாள். இப்போது சொல்லிவிட்டு, சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குழாயைப் பார்த்தாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மைனி அதைக் கவனிக்காமல் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் படியிறங்கிப் போய்க் குழாயை மூடினேன்.

"ஆமா மைனி, எனக்கு வலிப்பு உண்டு. படிக்கும்போது வந்தது, மாத்திர போடுதேன், இப்ப வாரதில்ல. மாப்பிள்ளைய நாந்தான் வேண்டாம்னேன். யாரும் கேட்டா ரெண்டையும் சேத்துச் சொல்லுங்க."